வவுணதீவு முதல் சாய்ந்தமருது வரை: குற்றத்தின் வரைபடமும் ஊரின் மீதான சந்தேகமும்

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்கு பஸ்ஸில் வருபவர்கள், அம்பாறை மாவட்ட எல்லையைத் தாண்டியதும் பெரியநீலாவணையைக் காண்பார்கள். அது தமிழ் ஊர். அடுத்து மருதமுனை, முஸ்லிம் ஊர். பிறகு பாண்டிருப்பு, தமிழ் ஊர். கல்முனை நகரில் இரண்டும் கலக்கும். கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு கடந்தால் காரைதீவு. மீண்டும் தமிழ் ஊர். அதற்கப்பால் நிந்தவூர். ஊருக்கும் ஊருக்கும் இடையில் சில இடங்களில் ஒரு வயல், சில இடங்களில் ஒரேயொரு ஒழுங்கை. கோவில் மணியும் பள்ளிவாசல் பாங்கும் ஒரே வீட்டு முற்றத்தில் கேட்கும் இடங்கள் இந்தக் கரையோரத்தில் ஏராளம்.

இப்படிப்பட்ட நிலத்தில் ஒரு குற்றம் நடந்தால் பொலிஸார் கேட்கும் முதல் கேள்வி, "எங்கே நடந்தது?" என்பது. அந்தக் கேள்வியை இரண்டு விதமாகக் கேட்கலாம். குற்றவாளி எந்த வழியால் வந்தான், எந்த இடங்களை அறிந்திருந்தான், எங்கே திரும்பிப் போனான் என்று கேட்பது ஒரு விதம். இது யாருடைய பகுதி, இங்கே இதைச் செய்யக்கூடியது எந்தச் சமூகம் என்று கேட்பது மற்றது. முதலாவது உலகெங்கும் குற்ற விசாரணைக்குப் பயன்படும் ஒரு துறையாக வளர்ந்திருக்கிறது. குற்றப் புவியியல் என்று அதைச் சொல்லலாம். இரண்டாவதை வடக்கு, கிழக்கு மக்கள் பாடப் புத்தகத்தில் படிக்கத் தேவையில்லை. சுற்றிவளைப்பிலும் சோதனைச் சாவடியிலும் அனுபவித்தே அறிந்தவர்கள்.

2018 நவம்பர் முதல் 2019 ஏப்ரல் வரை கிழக்கில் நடந்தவற்றை இந்த இரண்டு கேள்விகளையும் வைத்துத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. இரண்டாவது கேள்வியை மட்டும் கேட்டதற்கு எல்லாச் சமூகங்களும் விலை கொடுத்தன.

வவுணதீவு: திகதியும் இடமும் சொன்ன பொய்

2018 நவம்பர் 30 அதிகாலை, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே வவுணதீவில், காவலரணில் கடமையிலிருந்த இரண்டு பொலிஸ் கான்ஸ்டபிள்கள் கொல்லப்பட்டனர். அவர்களுடைய துப்பாக்கிகள் எடுத்துச் செல்லப்பட்டன. கொல்லப்பட்டவர்களில் ஒருவர் சிங்களவர். மற்றவர் கல்முனைப் பகுதியைச் சேர்ந்த தமிழர்.

மாவீரர் நாள் முடிந்து மூன்று நாட்கள். இடம், போர்க்காலத்தில் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த படுவான்கரையின் வாசல். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்களுக்கு விடை உடனடியாகக் கிடைத்துவிட்டது. முன்னாள் போராளிகள் விசாரிக்கப்பட்டனர். அவர்களில் ஒருவர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் மாதக்கணக்கில் தடுத்து வைக்கப்பட்டார். புனர்வாழ்வு பெற்று, குடும்பத்தோடு வாழ்ந்துகொண்டிருந்தவர் அவர்.

உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பின் கைதானவர்களை விசாரித்தபோதுதான், வவுணதீவுக் கொலைகளைச் செய்தது சஹ்ரான் ஹாசிமின் குழு என்பது வெளியே வந்தது. தடுப்பிலிருந்த முன்னாள் போராளி 2019 மே மாதம் விடுவிக்கப்பட்டார். செய்யாத குற்றத்துக்காக அவர் இழந்த மாதங்கள் ஒருபுறம். அந்த மாதங்களில் உண்மையான கொலையாளிகள் சுதந்திரமாகத் திரிந்து, குண்டு தயாரித்து, தேவாலயங்களைத் தெரிவு செய்தார்கள் என்பது மறுபுறம். 2019 ஏப்ரல் 21 அன்று கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்பு ஆகிய இடங்களில் 260க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் மட்டும் ஏறத்தாழ 30 பேர். அவர்களில் பலர் ஞாயிறு பாடசாலைச் சிறுவர்கள்.

வவுணதீவு விசாரணை தானாகப் பிழைத்ததா, அல்லது வேண்டுமென்றே திசை திருப்பப்பட்டதா என்ற கேள்வி இன்றும் உயிரோடு இருக்கிறது. புலனாய்வுப் பிரிவினர் சிலரின் பங்கு பற்றிப் பகிரங்கமாகவே கேள்வி எழுப்பப்பட்டுள்ளது. அதற்கு விடை காண்பது நீதிமன்றத்தின் வேலை. ஆனால் திசை திருப்பியவர் யாராக இருந்தாலும், அவருக்கு அதிகம் சிரமம் இருந்திருக்காது. படுவான்கரை என்றால் புலி என்ற வரைபடம் விசாரணையாளர்களின் மனதில் ஏற்கனவே வரையப்பட்டிருந்தது.

குற்றவாளியும் தன் வழியை அறிந்தவனே

இதுபோன்ற ஒரு தவறு இங்கிலாந்திலும் நடந்தது. 1975 முதல் 1980 வரை வட இங்கிலாந்தில் 13 பெண்கள் ஒருவர் பின் ஒருவராகக் கொல்லப்பட்டனர். கொலையாளி தானே என்று சொல்லி ஒருவர் பொலிஸாருக்குக் கடிதங்களும் 1979 இல் ஒலிநாடாவும் அனுப்பினார். குரலில் சண்டர்லாந்துப் பகுதியின் பேச்சு வழக்கு. பொலிஸார் சண்டர்லாந்தைச் சல்லடை போட்டார்கள். அந்த வழக்கில் பேசாதவர்களைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். அப்படித் தப்பியவர்களில் ஒருவர்தான் உண்மையான கொலையாளி பீற்றர் சட்கிளிஃப். ஐந்து வருடங்களில் பொலிஸார் அவரை ஒன்பது தடவை விசாரித்துவிட்டு விட்டிருந்தார்கள்.

1980 டிசம்பரில் ஸ்டுவர்ட் கைன்ட் என்ற தடயவியல் விஞ்ஞானி வேறு வழியில் யோசித்தார். தாக்குதல் நடந்த இடங்களை வரைபடத்தில் குறித்தார். அவற்றின் நடுப்புள்ளியைக் கணக்கிட்டார். நேரத்தையும் பார்த்தார். இரவில் வெகுநேரம் கழித்து நடந்த தாக்குதல்கள் வீட்டுக்கு அண்மையில் நடந்திருக்க வேண்டும், ஏனென்றால் கொலையாளி வீடு திரும்ப வேண்டும் என்பது அவருடைய நியாயம். கொலையாளி பிராட்போர்ட் பகுதியில் வாழ்கிறார் என்று அவர் எழுதிக் கொடுத்தார். 1981 ஜனவரி 2 அன்று வேறொரு காரணத்துக்காகப் பிடிபட்ட சட்கிளிஃப்பின் வீடு பிராட்போர்ட்டில்தான் இருந்தது.

பின்னர் கனடாவில் பற்றிசியா, போல் பிரான்ரிங்ஹாம் தம்பதியினரும், அவர்களுடைய மாணவரான வன்கூவர் பொலிஸ் அதிகாரி கிம் ரொஸ்மோவும் இதை ஒரு துறையாக வளர்த்தார்கள். அடிப்படை எளிமையானது. குற்றவாளியும் எங்களைப் போலத்தான் வீட்டிலிருந்து வேலைக்கும் கடைக்கும் உறவினர் வீட்டுக்கும் போய் வருகிறான். அந்தப் பாதைகளில் அவன் கண்ணில் பட்டவைதான் அவனுக்குத் தெரிந்த உலகம். தன் சொந்த ஒழுங்கையில் திருடினால் முகம் தெரிந்துவிடும். அதனால் வீட்டைச் சுற்றிச் சிறிது தூரம் விட்டுவிடுவான். தெரியாத ஊருக்கு வெகுதூரம் போகவும் தயங்குவான். தப்பி ஓடும் வழி தெரியாது. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட வளையத்தில்தான் பெரும்பாலான குற்றங்கள் நடக்கின்றன. பல சம்பவ இடங்கள் கிடைத்தால், அவற்றிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, குற்றவாளியின் தங்குமிடம் எந்தப் பகுதியில் இருக்கலாம் என்று முன்னுரிமைப்படுத்தித் தேடலாம்.

இதன் எல்லைகளையும் சொல்லிவிட வேண்டும். ஒரேயொரு சம்பவத்தை வைத்து எதையும் கணக்கிட முடியாது. பல சம்பவங்கள் ஒரே கையால் செய்யப்பட்டவை என்று முதலில் நிறுவ வேண்டும். அப்போதும் வரைபடம் ஒருவரைக் குற்றவாளி என்று சொல்வதில்லை. எந்தத் தெருவில் முதலில் தேடலாம் என்று மட்டும் சொல்கிறது. சாட்சியும் கைரேகையும் மரபணுவும் இல்லாமல் அது நீதிமன்றம் ஏற முடியாது.

சேர்க்கப்படாத புள்ளிகள்

வவுணதீவைத் தனியே பார்த்தால் ஒரு புள்ளி. ஆனால் அது தனிப்புள்ளி அல்ல.

2017 மார்ச் 10 அன்று காத்தான்குடியில் சஹ்ரானின் குழுவினர் சூபி முஸ்லிம்களைத் தாக்கினார்கள். அதன் பின் சஹ்ரான் தலைமறைவானார். பாதிக்கப்பட்ட முஸ்லிம்கள் தொடர்ந்து முறைப்பாடு செய்தார்கள். 2018 நவம்பரில் வவுணதீவு. டிசம்பர் 26 இல் மாவனல்லையில் புத்தர் சிலைகள் உடைக்கப்பட்டன. 2019 ஜனவரியில் புத்தளம் வண்ணாத்திவில்லுவில் ஒரு தென்னந்தோட்டத்தில் பெருந்தொகை வெடிபொருட்கள் அகப்பட்டன. மார்ச்சில், விசாரணைக்கு உதவிய மாவனல்லை முஸ்லிம் ஒருவர் அவருடைய வீட்டிலேயே சுடப்பட்டார். ஏப்ரல் நடுப்பகுதியில், தாக்குதலுக்குச் சில நாட்களே இருந்தபோது, காத்தான்குடிக்கு அருகே பாலமுனையில் ஒரு மோட்டார் சைக்கிள் வெடித்துச் சிதறியது. அது ஒத்திகை.

இவற்றில் மாவனல்லையையும் வண்ணாத்திவில்லுவையும் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் இணைத்துவிட்டது. ஆட்களின் தொடர்பைப் பின்பற்றிப் போனதால் கிடைத்த வெற்றி அது. வவுணதீவு மட்டும் அந்தக் கோட்டுக்கு வெளியே நின்றது. அது 'தமிழ்ப் பிரச்சினை' என்ற கோப்பில் போடப்பட்டிருந்தது. காத்தான்குடியிலிருந்து வவுணதீவுக்கு மோட்டார் சைக்கிளில் அரை மணித்தியாலம் கூடத் தேவையில்லை. 2017 முதல் தேடப்பட்டு வந்த, ஆயுதம் தேவைப்பட்ட ஒரு குழுவின் சொந்த ஊருக்கு அவ்வளவு அருகில் இரண்டு துப்பாக்கிகள் பறிபோயிருக்கின்றன. யாருடைய பகுதி என்று கேட்காமல், இந்தத் துப்பாக்கிகள் யாருக்குத் தேவை, எந்த வழியால் போயிருக்கும் என்று கேட்டிருந்தால் காத்தான்குடியும் விசாரணை வட்டத்துக்குள் வந்திருக்கும்.

வரைபடம் ஒன்று இருந்திருந்தால் உயிர்த்த ஞாயிறைத் தடுத்திருக்கலாம் என்று சொல்வது மிகைப்படுத்தலாகும். 2019 ஏப்ரல் 4 அன்றே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை கிடைத்திருந்தது. அதை வைத்துக்கொண்டு எதுவும் செய்யாதவர்களின் பொறுப்பை 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆனாலும் ஐந்து மாதங்களுக்கு முன் கிடைத்த ஒரு நூலை விசாரணையாளர்கள் கைவிட்டதற்குக் காரணம் தகவல் இல்லாமை அல்ல. தகவலை எந்தப் பெட்டியில் போடுவது என்ற முன்முடிவுதான்.

சாய்ந்தமருது: அயலவர் கண்டது

தாக்குதல் நடந்து ஐந்தாம் நாள், 2019 ஏப்ரல் 26. சாய்ந்தமருது பொலிவேரியன் கிராமம். சுனாமியில் வீடிழந்தவர்களுக்காகக் கட்டப்பட்ட வீட்டுத்திட்டம் அது. 2004 இல் இலங்கையில் அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. அந்த இழப்பிலிருந்து எழுந்த குடியிருப்பு ஒன்றின் வாடகை வீட்டில்தான் சஹ்ரானின் குடும்பத்தினரும் எஞ்சிய குழுவினரும் வந்து தங்கியிருந்தார்கள்.

அவர்களின் கணக்கு எளிதில் விளங்குகிறது. காத்தான்குடியில் முகம் தெரியும். கொழும்புப் பக்கம் தேடுதல். நெருக்கமான ஒரு முஸ்லிம் ஊரில், வீடுகளுக்கு நடுவில், ஒரு குடும்பமாக ஒளிந்துகொள்ளலாம் என்று நினைத்திருக்க வேண்டும். குழுவைச் சேர்ந்தவர்களுக்கு நிந்தவூர், சம்மாந்துறைப் பக்கம் தொடர்புகள் இருந்தன. தெரிந்த நிலத்துக்கு, ஆனால் சொந்த ஊரல்லாத நிலத்துக்கு வந்தார்கள். பாடப் புத்தகம் சொல்லும் அதே வளையம்.

ஆனால் இந்தக் கரையோரத்து ஊர்களின் இயல்பை அவர்கள் பிழையாகக் கணித்தார்கள். இங்கே வீட்டுக்கு வீடு மதில் ஒட்டியிருக்கும். புதிதாக ஒரு குடும்பம் குடிவந்தால் எங்கிருந்து வந்தவர்கள், யாருடைய சொந்தம் என்று அன்று மாலைக்குள் கேட்டுவிடுவார்கள். நகரத்தின் நெரிசல் ஆளை மறைக்கும். ஊரின் நெரிசல் ஆளைக் காட்டிக்கொடுக்கும். புதிய வாடகைக் குடும்பத்தின் மீது அயலவருக்குச் சந்தேகம் வந்தது. விசாரிக்கப் போனவர்களிடம் துப்பாக்கி காட்டப்பட்டது. தகவல் பொலிஸாருக்குப் போனது. அன்றிரவு நடந்த மோதலுக்கும் குண்டு வெடிப்புகளுக்கும் பின் ஆறு சிறுவர்கள் உட்பட 15 பேரின் உடல்கள் அந்த வீட்டிலிருந்து எடுக்கப்பட்டன. சஹ்ரானின் தந்தையும் இரண்டு சகோதரர்களும் இறந்தவர்களில் அடங்குவர். மனைவியும் ஒரு பெண் குழந்தையும் காயங்களோடு உயிர் தப்பினார்கள்.

அதே நாளில் சம்மாந்துறையில் ஒரு வீட்டிலிருந்து வெடிபொருட்களும் வெள்ளை ஆடைகளும் அகப்பட்டன. குருநாகல் மாவட்டத்தின் கிரிஉல்லவில் ஒரு புடைவைக் கடையின் சீசீரிவி கமராவில், பெண்கள் வெள்ளை ஆடை வாங்கிய காட்சி பதிவாகியிருந்தது. தூரத்தில் இருந்த ஒரு கடையையும் சம்மாந்துறை வீட்டையும் ஒரு துணி இணைத்தது. வழியைப் பின்பற்றும் விசாரணை என்பது இப்படித்தான் இருக்கும்.

சாய்ந்தமருது வீட்டில் இறந்தவர்களில் ஒரு பெண் இருந்தாரா, தப்பிச் சென்றாரா என்ற சர்ச்சை நான்கு ஆண்டுகள் நீடித்தது. நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி தேவாலயத்தில் குண்டை வெடிக்கச் செய்தவரின் மனைவி அவர். தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்தவர். முதல் இரண்டு மரபணுப் பரிசோதனைகள் அவருடைய தாயின் மாதிரியோடு பொருந்தவில்லை. உடல் எச்சங்கள் மீண்டும் தோண்டியெடுக்கப்பட்டு, மூன்றாவது பரிசோதனையின் முடிவு 2023 இல்தான் பொருந்தியது. இடையில் அவர் கடல் வழியாக இந்தியாவுக்குத் தப்பிவிட்டார் என்ற கதைகள் பரவின. அந்தக் கதைகளுக்குள் அயலூர்கள் பலவும் இழுக்கப்பட்டன. சம்பவ இடத்தை முதல் நாளே முறையாகக் கையாளாவிட்டால், அந்த வெற்றிடத்தை வதந்தி நிரப்பும்.

மறக்கக்கூடாத செய்தி ஒன்று: அந்த வீட்டைக் காட்டிக்கொடுத்தவர்கள் சாய்ந்தமருது முஸ்லிம்கள். பெரிய புலனாய்வு அமைப்புகளால் முடியாததை ஒரு ஒழுங்கையின் அயலவர் செய்தார்கள்.

முகவரி குற்றமானபோது

அதற்குப் பிறகு அந்த ஊர்களுக்குக் கிடைத்தது என்ன? கிழக்கின் முஸ்லிம் ஊர்கள் சுற்றிவளைக்கப்பட்டன. சமையலறைக் கத்தியும் பழைய வாளும் தொலைக்காட்சியில் காட்டப்பட்டன. 2019 மே 13 அன்று குருநாகல் மாவட்டத்திலும் மினுவாங்கொடையிலும் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டன. அதே மாதம் ஹசலக்கவில், கப்பல் சுக்கான் படம் போட்ட சட்டை அணிந்திருந்த ஒரு முஸ்லிம் பெண், அது தர்மச்சக்கரம் என்று கூறிக் கைது செய்யப்பட்டார்.

தமிழர்களுக்கு இது பழகிய கதை. தேசிய அடையாள அட்டையில் கிளிநொச்சி, திருக்கோவில் என்று முகவரி இருந்தால் சோதனைச் சாவடியில் தனியே நிற்க வேண்டியிருந்த காலம் நினைவிருக்கும். 2007 ஜூன் 7 அன்று கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர்கள் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அவர்கள் செய்த குற்றம் அவர்களுடைய ஊர். முகமூடி போட்ட தலையாட்டியின் முன் வரிசையில் நின்றவர்களுக்கு, ஊரைச் சுற்றி வட்டம் போடுவதன் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை.

வரைபடம் யாருடைய கையில் இருக்கிறது என்பது முக்கியம். இரண்டாம் உலகப் போரின்போது பெர்லினில், ஒட்டோ, எலிசே ஹம்பெல் என்ற தொழிலாளர் தம்பதியினர் ஹிட்லருக்கு எதிராகத் தபால் அட்டைகள் எழுதி மாடிப்படிகளில் வைத்துவிட்டுச் செல்வார்கள். கெஸ்டாப்போ அந்த இடங்களை வரைபடத்தில் குறித்து அவர்களைத் தேடியது. இருவரும் 1943 இல் கொல்லப்பட்டார்கள். பல பத்தாண்டுகளுக்குப் பின் ரொஸ்மோவும் அவருடைய சகாக்களும் அந்த வழக்கை ஆய்வு செய்து, அதே வகை வடிவம் அங்கேயும் இருந்ததைக் காட்டினார்கள். கொலைகாரனைத் தேட உதவும் கணக்கு, மனச்சாட்சியுள்ளவரைத் தேடவும் உதவும். சட்டத்தின் கட்டுப்பாடு இல்லாத இடத்தில் தொலைபேசிக் கோபுரத் தரவும் சீசீரிவியும் ட்ரோனும் புதிய தலையாட்டிகளாக மாறலாம்.

காவலரண் என்ற நங்கூரம்

குற்றப் புவியியலில் குற்றவாளியின் 'நங்கூரப் புள்ளி' என்று ஒன்றைச் சொல்வார்கள். அவன் புறப்பட்டு, திரும்பி வரும் இடம். பெரும்பாலும் அது வீடு. எங்கள் நாட்டில் போர்க்காலக் குற்றங்களுக்கு அது பல தடவைகள் முகாமாகவும் காவலரணாகவும் இருந்தது.

1996 செப்டெம்பர் 7 அன்று கிருசாந்தி குமாரசுவாமி செம்மணிச் சோதனைச் சாவடியில் மறிக்கப்பட்டார். அவரையும் அவரைத் தேடிப் போன தாய், தம்பி, அயலவரையும் கொன்ற வழக்கில் தண்டிக்கப்பட்ட படைவீரர் சோமரத்ன ராஜபக்ஷ, அந்தப் பகுதியில் நூற்றுக்கணக்கானோர் புதைக்கப்பட்டிருப்பதாக 1998 இல் நீதிமன்றில் சொன்னார். 1999 இல் தோண்டியபோது 15 உடல்கள் கிடைத்தன. பின்னர் கோப்பு மூடப்பட்டது போலானது. 2025 இல் செம்மணி சித்துப்பாத்தியில் மீண்டும் தோண்டியபோது 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அங்கே செய்மதிப் படங்களும் ட்ரோன் படங்களும் இரண்டாவது அகழ்விடத்தைக் காட்டிக்கொடுத்தன. நிலத்தை ஊடுருவிப் பார்க்கும் ராடரும் பயன்படுத்தப்பட்டது. மக்களைத் தேடுவதற்குப் பயன்பட்ட கருவிகள், முதன்முறையாக மக்களுக்காகத் தேடின.

அம்பாறைக் கரையோரத்திலும் அதற்கு வேலை இருக்கிறது. 1990 இல் வீரமுனையில், காரைதீவில், கல்முனையில், திருக்கோவிலில் தமிழர்கள் கொண்டு செல்லப்பட்டார்கள், கொல்லப்பட்டார்கள். உறவினர்கள் சொல்லும் முகாம்களின் பெயர்கள் இன்றும் மாறவில்லை. அதே ஆண்டு ஜூனில் கிழக்கில் புலிகளிடம் சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிஸார் கொல்லப்பட்டார்கள். ஜூலையில் கல்முனை - மட்டக்களப்பு வீதியில் குருக்கள்மடத்தில் வைத்துப் பயணிகளான முஸ்லிம்கள் புலிகளால் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்கள், ஏறாவூர், வீரமுனை. எங்கே மறிக்கப்பட்டார்கள், கடைசியாக எங்கே கண்டார்கள், எந்த வாகனம், எத்தனை மணி என்று தாய்மார் ஆணைக்குழுக்களின் முன் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். அது கண்ணீர் மட்டுமல்ல, தரவு. அந்தச் சாட்சியங்களை ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்த்தால், எந்தக் காவலரணைச் சுற்றிக் காணாமற்போனவர்கள் குவிகிறார்கள் என்று தெரியவரும்.

வன்கூவரில் நடந்தது இங்கே நினைவுகூரத்தக்கது. 1998 இல் நகரின் ஏழ்மையான பகுதியிலிருந்து பெண்கள் ஒருவர் பின் ஒருவராகக் காணாமற்போவதைப் பார்த்த ரொஸ்மோ, தொடர் கொலையாளி ஒருவன் இருக்கலாம் என்று எச்சரித்தார். மேலதிகாரிகள் ஏற்கவில்லை. காணாமற்போனவர்களில் பலர் பூர்வகுடிப் பெண்கள், போதைக்கு அடிமையானவர்கள்; அவர்களைத் தேடும் அவசரம் யாருக்கும் இருக்கவில்லை. 2002 இல்தான் கொலையாளி ரொபேர்ட் பிக்டன் கைதானார். வரைபடம் வரையத் தெரிந்தவர் இருந்தும், காணாமற்போனவர்கள் கணக்கில் சேர்க்கப்படாவிட்டால் பயனில்லை.

செய்யவேண்டியவை

முதலில் மொழி. கிழக்கில் தமிழில் சொன்ன முறைப்பாடு சிங்களத்தில் எழுதப்படும்போது ஊர்ப் பெயர்களும் திசைகளும் சிதைகின்றன. பாலமுனை என்று ஒரு ஊர் காத்தான்குடிக்கு அருகே இருக்கிறது. அதே பெயரில் இன்னொன்று அட்டாளைச்சேனைப் பக்கம் இருக்கிறது. தாண்டியடியும் மட்டக்களப்பில் ஒன்று, அம்பாறையில் ஒன்று. இந்த வேறுபாடு தெரியாத அதிகாரியின் வரைபடத்தில் குற்றம் ஒரு மாவட்டம் தள்ளி நடந்திருக்கும். தமிழ் மொழியில் பணிபுரியும், நிலம் தெரிந்த விசாரணையாளர்கள் கல்முனை, அக்கரைப்பற்று, சம்மாந்துறை, பொத்துவில் பொலிஸ் நிலையங்களில் போதிய அளவு இருக்க வேண்டும்.

இரண்டாவது, கைதுகளின் வரைபடத்தைக் குற்றத்தின் வரைபடமாக எண்ணும் பழக்கம் போக வேண்டும். ஐஸ் போதைப்பொருளோடு இளைஞர்கள் கைதாகும் செய்தி கல்முனைப் பக்கம் வராத வாரமில்லை. சோதனை நடக்கும் ஊரில்தான் கைது நடக்கும். அந்தக் கைதுகளை எண்ணி, இந்த ஊர் கெட்ட ஊர் என்று முடிவு செய்து, மேலும் சோதனை செய்தால், மேலும் கைதுகள் கிடைக்கும். போதைப்பொருள் எந்தக் கடல் வழியால் இறங்குகிறது, யார் வாகனத்தில் எந்த வீதியால் போகிறது என்ற கேள்வி அப்படியே கிடக்கும். கடைசியில் சிக்குவது ஒழுங்கையில் விற்கும் பொடியன்தான்.

மூன்றாவது, தொலைபேசி, கமராத் தரவுகளைப் பெற நீதிமன்ற அனுமதி கட்டாயமாக வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டம் இருக்கும்வரை பொலிஸாருக்கு வழியைத் தேடும் அவசியமில்லை. ஆளைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டு, பிறகு ஆதாரம் தேடலாம். வவுணதீவில் நடந்தது அதுதான். 1979 இல் தற்காலிகமென்று வந்த அந்தச் சட்டம் இத்தனை ஆண்டுகளாகச் சோம்பேறி விசாரணைக்கு உரிமம் கொடுத்து வந்திருக்கிறது.

நான்காவது எங்களுடைய வேலை. 2019 ஜூனில், உயிர்த்த ஞாயிறின் புண் ஆறுவதற்கு முன்பே, கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கோரி கல்முனையில் உண்ணாவிரதம் நடந்தது. கோரிக்கையின் நியாயம் தனி விவாதம். ஆனால் அந்த நாட்களில் தமிழரும் முஸ்லிம்களும் மற்றவருடைய ஊரை ஆபத்தான இடமாகக் காட்டிப் பேசியதை நாம் அறிவோம். அரசு போட்ட வட்டத்தை நாமே மற்றவரின் ஊரைச் சுற்றிப் போட்டோம். தமிழ்ப் பிரச்சினை என்று தவறாக மூடப்பட்ட வவுணதீவுக் கோப்பின் விலையைச் சீயோன் தேவாலயத்தின் தமிழ்ப் பிள்ளைகளும் கொடுத்தார்கள், சாய்ந்தமருது முஸ்லிம்களும் கொடுத்தார்கள்.

மட்டக்களப்பிலிருந்து வரும் அந்த பஸ் காத்தான்குடியையும் குருக்கள்மடத்தையும் கடந்துதான் கல்முனைக்கு வருகிறது. ஜன்னலோரம் இருக்கும் ஒரு முஸ்லிம் தாய் குருக்கள்மடத்தில் ஒரு பக்கம் பார்ப்பார். காரைதீவு தாண்டிப் போகும் ஒரு தமிழ்த் தாய் பழைய முகாம் இருந்த இடத்தில் இன்னொரு பக்கம் பார்ப்பார். அவர்கள் பார்க்கும் இடங்கள் இரண்டும் இன்னும் எந்த விசாரணை வரைபடத்திலும் முழுமையாகக் குறிக்கப்படவில்லை. அங்கிருந்து தொடங்கலாம்.